மௌன சபையில் பதினோராம் பக்கம்

பதினேழு வருடமாகச் சென்னையில் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். 'ரயில் நிலையத்தில்' என்ற பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நடத்துவேன். அப்பேர்ப்பட்ட நான், ஜெர்மனியில் இறங்கிய மூன்றாவது மணி நேரத்தில் தப்பான ரயிலில் உட்கார்ந்திருந்தேன். இல்லை, ரயில் சரியான ரயில்தான். பாதிதான் தப்பு. அந்த ரயில் வழியில் ஒரு நிலையத்தில் இரண்டாகக் கழன்று, முன்பாதி ஒரு திசையிலும் பின்பாதி இன்னொரு திசையிலும் போகுமாம். ஒலிபெருக்கியில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். என்னைச் சுற்றி ஒரு பெட்டி நிறைய மஞ்சள் சட்டைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உலகக் கோப்பைக் கால்பந்து அந்த நாட்டில் நடந்த கோடை அது. டிக்கெட் பரிசோதகர் வந்து என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மஞ்சள் சட்டைகளைப் பார்த்தார். "கவலைப்படாதீர்கள், பிரேசிலும் உங்களோடு தப்பான பாதியில்தான் இருக்கிறது" என்றார். அடுத்த நிலையத்தில் நாங்கள் எல்லோரும் இறங்கினோம். என் பெட்டியைத் தலைக்கு மேல் கை மாற்றி நடைமேடை மாற்றிவிட்டார்கள். நான் அவர்களோடு சேர்ந்து, எந்த மொழி என்றே தெரியாத ஒரு பாட்டுக்குக் கை தட்டினேன்.

இவ்வளவு சத்தத்தோடு நான் போய்ச் சேர வேண்டியிருந்த இடம் ஒரு மௌன சபை.

எசன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊர். அங்கே குவேக்கர்கள் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் பாதிரியார் கிடையாது, பீடம் கிடையாது, பாட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வட்டமாக நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லலாம். தோன்றாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவரை ஒருவர் 'நண்பர்' என்று அழைப்பார்கள்.

அந்தச் சபை தன் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட நினைத்தது. எண்பதுகளில் வந்த யாழ்ப்பாண அகதிகளைப் பற்றி அதில் ஒரு பகுதி இருந்ததால் தமிழிலும் வர வேண்டும் என்று முடிவாயிற்று. சென்னையில் ஒருவர் மூலம் வேலை என்னிடம் வந்தது. தபாலில் மொழிபெயர்த்து அனுப்பினேன். ஒரே ஒரு பக்கத்தின் வாசகம் மட்டும் சபையில் இன்னும் முடிவாகவில்லை, நேரில் வாருங்கள் என்று டிக்கெட் அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டுமாம் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு மீனம்பாக்கம் வரை ஓயவில்லை.

என்னைத் தங்கவைத்தவர் இங்க்ரிட். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, சபையின் எழுத்தர், அதாவது கூட்டத்தை நடத்தி முடிவுகளை எழுதுபவர். அன்று மாலை மேஜையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், தக்காளி எல்லாம் வைத்தார். நானும் பெரிய மனதோடு கொஞ்சமாக எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் தட்டுகளைக் கழுவப் போனபோதுதான் அதுதான் சாப்பாடு என்று விளங்கியது. மறுநாள் மதியம் பழி தீர்த்துக்கொண்டேன். வெள்ளைத் தண்டாக ஒரு காய், வெண்ணெய் ஊற்றி. அதற்கு அவர்கள் செய்கிற ஆர்ப்பாட்டம் மாம்பழக் காலத்தில் சேலத்துக்காரர்கள் செய்வது. விசாரித்துப் பார்த்தால் நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவு. நாட்டுமருந்துக் கடையில் பொடியாக வாங்குகிற சமாசாரத்தின் சொந்தக்காரரை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பழைய கோப்புகள். சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு சின்னக் கூட்டம் இவ்வளவு வேலை பார்த்து நான் கண்டதில்லை. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியே பசியில் கிடந்தபோது, வெளிநாட்டுக் குவேக்கர்கள் வந்து பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கோகோவும் வெள்ளை ரொட்டியும் கொடுத்திருக்கிறார்கள். நேற்று வரை எதிரி நாடு என்று பார்க்கவில்லை. நம் ஊர்ச் சத்துணவு மாதிரி பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். இங்க்ரிட்டின் அம்மா அந்த வரிசையில் நின்றவர். அந்த ரொட்டிக்காகவே வளர்ந்ததும் குவேக்கர் ஆனவர். ஹிட்லர் காலத்தில் சபை ஏழு பேராகச் சுருங்கியது. அந்த ஏழு பேரும் யூதர்கள் நாட்டை விட்டுத் தப்ப விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார்கள், சிறைக்குப் போய்ப் பார்த்தார்கள். பிறகு ஏவுகணைகளுக்கு எதிராகச் சந்தைச் சதுக்கத்தில் பேசாமல் நின்றார்கள். பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

அந்த இடம்தான் பதினோராம் பக்கம்.

யோகன் என்றொரு யாழ்ப்பாண இளைஞர். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, திருப்பி அனுப்ப உத்தரவு வந்துவிட்டது. அவரைச் சபை வீட்டில் மறைத்துவைக்கலாமா என்று பேச்சு வந்தது. இவர்கள் எதற்கும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. எல்லோருக்கும் மனம் ஒப்பினால்தான் முடிவு. ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும் அடுத்த கூட்டம் வரை காத்திருப்பார்கள். வால்டர் என்பவருக்கு ஒப்பவில்லை. போலீஸ் வந்து கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும், நாம் பொய் சொல்லாத ஆட்கள் ஆயிற்றே என்றார். முதல் ஞாயிறு முடிவில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு வால்டர் சரி என்றார். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமையே, யோகனைப் போலீஸ் விமானத்தில் ஏற்றிவிட்டது.

பிறகு அவருக்கு எழுதிய கடிதம் முத்திரையோடு திரும்பி வந்தது. யோகனின் ஊரில் குண்டு விழுந்ததாகப் பத்திரிகையிலும் வந்தது. சில வருடம் கழித்து யோகனின் அக்கா ராணி திருமணமாகி ஜெர்மனிக்கு வந்தார். சபையைத் தேடிப்பிடித்து, நான் யோகனின் அக்கா என்று சொல்லிவிட்டு அழுதார். அதற்கு மேல் யாருக்கு என்ன கேட்கத் தோன்றும்? பதினாறு வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு ராணி வருகிறார், வட்டத்தில் உட்காருகிறார், போகிறார். முருகன் கோயிலுக்கும் போகிறார், இங்கேயும் வருகிறார்.

மாலையில் வால்டரே வந்தார். எழுபத்தொன்பது வயது, நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம், சுரங்கத்தில் மின்வேலை பார்த்தவர். தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, பதினோராம் பக்கத்தில் 'யோகனின் மரணத்துக்கு வால்டராகிய நான் காரணம்' என்று ஒரு வரி வேண்டும் என்றார். மற்றவர்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை, எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு ஒருவர் தலையில் பழி போடக் கூடாது என்கிறார்கள். இரண்டு வருடமாகப் புத்தகம் அந்த ஒரு வரியில் நிற்கிறது. ஞாயிறு அலுவல் கூட்டத்திலும் முடிவாகாவிட்டால் புத்தகத்தையே கைவிடுவதாக இருந்தார்கள்.

"நான் செத்த பிறகு என் மேல் இரக்கப்பட்டு அதை எழுதாமல் விட்டுவிடுவார்கள்" என்றார் என்னிடம். "நான் இருக்கும்போதே அச்சில் பார்க்க வேண்டும்."

 அவர் போன பிறகு இங்க்ரிட் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். நாளை ராணி வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது தம்பி பேச்சை எடுக்க வேண்டாம், அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டியதே இல்லை, அவர் எதிரில் 'பதினோராம் பக்கம்' என்று மட்டும்தான் சொல்லுவோம் என்றார். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்ததை என் கணவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

சனிக்கிழமை காலை சதுக்கத்தில் அரை மணி நேர மௌன நிற்பு. ஈராக் போருக்கு எதிராக வாராவாரம் நிற்கிறார்கள். ஒரு பலகை, பக்கத்தில் ஆறு பேர், ஏழாவதாக நான். ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் ஊரெல்லாம் கொடியோடு திரிந்தது. நாங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, ஏதோ வண்டிக்கு வரிசை என்று நினைத்து ஆரஞ்சு சட்டைக்காரர்கள் நாலு பேர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். கால் மணி நேரத்தில் எங்கள் சபை மூன்று மடங்காகிவிட்டது. ஒருவன் என் தோளைத் தொட்டு, வண்டி எப்போது வரும் என்று கேட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைக் காட்டினேன். படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி நிமிடம் வரை கூடவே நின்றான். அவனை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

மதியம் ராணி அக்கா வீடு. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், மேலே மீன் பொரியல். இரண்டு நாள் ரொட்டிக்குப் பிறகு அந்த மேஜையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வெக்கப்படாமல் போட்டுச் சாப்பிடுங்கோ தங்கச்சி. அங்கை உங்களுக்கு ரொட்டியும் வெள்ளரிக்காயும்தானே தந்திருப்பினம்" என்றார். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடிச்சு, எழுதிப் பாஸ் பண்ணி எடுத்த வேலை என்று பெருமையாகச் சொன்னார்.

சுவரில் மீசையோடு ஒரு இளைஞர் படம் இருந்தது. தம்பி என்றார். படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. உடலைப் பார்க்காததால் இவர்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இடியப்பத்தோடு அழுகையையும் சேர்த்து விழுங்கினேன். சொதி காரமோ என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். என் வாழ்நாளில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு மதியம்தான்.

ஞாயிறு. வழிபாட்டு ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்பது எனக்கும் என் வயிற்றுக்கும்தான் தெரியும். இருபதாவது நிமிடம் அது கத்தத் தொடங்கியது. யாரும் திரும்பவில்லை. மணி முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள், அதுதான் முடிந்ததற்கு அடையாளம். பிறகு பருப்பு சூப். பிறகு அலுவல் கூட்டம். வழக்கமாக அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ராணி அக்கா, தமிழ்நாட்டு டீச்சர் இருக்கிறார் என்று அன்று வட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இங்க்ரிட்டின் முகம் மாறியது. ஆனால் வந்தவரைப் போ என்று சொல்லுகிற ஆட்கள் இல்லை இவர்கள்.

அலுவல் கூட்டத்திலும் மௌனம்தான். பேச நினைப்பவர் எழுந்து நிற்க வேண்டும், எழுத்தர் அழைக்க வேண்டும், ஒருவர் பேசியபின் அந்தப் பேச்சு எல்லோருக்குள்ளும் இறங்கும்வரை சில நிமிடம் அமைதி காக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்தவர். "இப்போது பதினோராம் பக்கம்" என்றார் இங்க்ரிட். வால்டர் எழுந்து, தன் வரி வேண்டும் என்றார். அமைதி. ஒரு அம்மாள் எழுந்து, தன்னால் அதற்கு ஒப்ப முடியவில்லை என்றார். அமைதி. இரண்டு வருடமாக நடப்பது அப்படியே நடந்தது.

நானோ நாற்காலியில் நம் வழக்கப்படி ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துவிட்டது. எறும்பு ஊருகிறது, பிறகு காலே இல்லை. இரகசியமாக நீட்டிவிடலாம் என்று கொஞ்சம் எழுந்தேன். எழுந்ததுதான் தாமதம், பதின்மூன்று முகமும் என் பக்கம் திரும்பின. "இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நண்பர் பேச விரும்புகிறார்" என்றார் இங்க்ரிட்.

அந்த முகங்களைப் பார்த்து, கால் மரத்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் பதினோராம் பக்கத்தின் தமிழ்ப்படி இருந்தது. வேறு வழி தெரியாமல் அதைப் படித்தேன். தமிழ் புரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு பக்தியாகக் கேட்டதில் எனக்கே உற்சாகம் வந்து, கடைசி வரியை நன்றாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். 'இந்நூல் அமரர் யோகன் அவர்களின் நினைவுக்கு.' உட்கார்ந்த பிறகுதான் வட்டத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பது நினைவு வந்தது. வாக்குக் கொடுத்த லட்சணம்.

ராணி அக்கா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் பதினாறு வருடப் பழக்கம், என் பேச்சு இறங்க வேண்டுமே. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்கு உயிரே போயிற்று. கடைசியில் எழுந்து, இங்க்ரிட் அழைக்கும் வரை முறைப்படி நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆர் செத்தது எண்டு வாசிச்சனீங்கள்? தம்பி போன வெள்ளிக்கிழமையும் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் கதைச்சவன்."

பிறகு வட்டத்தைப் பார்த்து அதையே ஜெர்மனில் சொன்னார். யோகன் டொரொன்டோவில் இருக்கிறான், சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள், சர்க்கரை வியாதி. சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பதின்மூன்று பேரும் அமைதி காத்தார்கள். விதி விதிதான். ஒரு மனிதர் உயிரோடு எழுந்து வந்திருக்கிறார், அதுவும் உள்ளே இறங்க வேண்டாமா? நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். வால்டர் மட்டும் அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய தோள்கள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது.

பிறகு விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. வந்த முதல் நாள் அக்கா அழுதது குளிராலும் வீட்டு நினைவாலும். கனடாவில் தம்பி இருப்பதை இங்க்ரிட்டிடம் பல முறை சொல்லியிருக்கிறார், வேறு தம்பி என்று இங்க்ரிட் நினைத்திருக்கிறார். தன்னைக் கண்டாலே வால்டர் விலகிப் போவதால், அவருக்குத் தமிழரைப் பிடிக்காது என்று அக்கா நினைத்திருக்கிறார். இவர்கள் அடுத்தவரைப் பற்றிப் புறம் பேச மாட்டார்கள். அந்த நல்ல குணம்தான் கெடுத்தது. எங்கள் தெருவில் என்றால் அக்கா காலடி வைத்த அரை மணி நேரத்தில் யோகனின் சர்க்கரை அளவு வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வம்பு பேசுவது எவ்வளவு பெரிய சமூக சேவை என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

சமையலறையில் போன் இருந்தது. அக்கா கைப்பையிலிருந்து டெலிபோன் கார்டை எடுத்துச் சுரண்டி நம்பரை அழுத்தினார். அங்கே காலை எட்டு மணி. விஷயத்தைச் சொல்லிவிட்டு வால்டர் கையில் கொடுத்தார். வால்டர் காதில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பக்கம் யோகன் ஹலோ ஹலோ என்று கத்துவது எங்களுக்கெல்லாம் கேட்டது. மௌனம் போன் வழியாகப் போகாது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

"அந்த நெட்டை மனிசனோ?" என்றார் யோகன். "எங்கட அகதி ஹைமிலை ஹீட்டர் வேலை செய்யேல்லை எண்டு வந்து திருத்தித் தந்தவர். மறக்க ஏலுமோ?"

கொழும்பில் மூன்று நாள் காவலில் வைத்துவிட்டு வெளியே விட்டார்களாம். பிறகு வள்ளத்தில் இந்தியா, அங்கிருந்து கனடா. வால்டர் தன்னால்தான் என்று நினைக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவரும் குவேக்கர் ஆகிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அக்கா, அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றார் என்னிடம். "எனக்காக அவை ரெண்டு ஞாயிறு கூடி இருந்தவை எண்டு எனக்குத் தெரியும். ஊரிலை எனக்காக ஒருத்தரும் ரெண்டு நிமிசம் இருந்ததில்லை. அதாலைதான் ராணியக்காவை அங்கை போகச் சொன்னனான்."

சொன்னேன். வால்டர் தலையை ஆட்டினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. யோகன் பிழைத்தது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதனால் தாமதத்துக்கு நான் காரணம் என்ற வரியாவது வேண்டும் என்றார். சரி, திரும்பவும் வட்டம். இங்க்ரிட் அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்தார். 'யோகனைப் பாதுகாக்கலாமா என்று முடிவெடுக்க மூன்று ஞாயிறு எடுத்துக்கொண்டோம். அதற்குள் அவர் அனுப்பப்பட்டார். அவர் உயிரோடு இருக்கிறார், அது எங்களால் அல்ல. அவருடைய சகோதரி பதினாறு வருடம் எங்களோடு அமர்ந்திருந்தார். நாங்கள் கேட்கவில்லை.' ராணி அக்கா எழுந்து, தானும் சொல்லவில்லை, அதையும் போடுங்கள் என்றார். போட்டார்கள். 'நான்' எங்கே என்று வால்டர் தேடுவார் என்று பயந்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'நாங்கள்' போதும் என்றார். எல்லோருக்கும் மனம் ஒப்பியது. நாற்பது நிமிடம்தான் ஆயிற்று. அவர்கள் கணக்கில் அது மின்னல் வேகம்.

திங்கள் காலை என்னை வழியனுப்ப வால்டர் வந்தார். ரயில் நாற்பத்தைந்து நிமிடம் தாமதம். அந்த நாற்பத்தைந்து நிமிடமும் அவர்தான் பேசினார். சுரங்கம், ஹீட்டர், அந்த மூன்று ஞாயிறு, யோகனின் பிள்ளைகளுக்கு என்ன வயது இருக்கும். என்னால் நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை. என் கணவர் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். யோகனைக் கேட்க வேண்டிய கேள்விகள், இருபது வருடமாகச் சேர்ந்தவை, எண் போட்டு முப்பத்தொன்று. தமிழில் எழுதித் தர முடியுமா என்றார். பெட்டியின் மேல் வைத்து ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதினேன். முதல் கேள்வி, 'விமானத்தில் ஏற்றிய அன்று உங்களிடம் கம்பளிச் சட்டை இருந்ததா?' ரயில் வருகிற சத்தம் கேட்டபோது கடைசிக்கு வந்திருந்தேன். 'அடுத்த ஞாயிறும் கூப்பிடலாமா?'

மற்ற முப்பது கேள்விகளுக்கும் யோகன்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மட்டும் அவரைக் கேட்காமல், யாழ்ப்பாணத்தார் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் வார்த்தையை நானே எழுதினேன்: ஓம். வால்டர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த ஒரு தமிழ் வார்த்தை தனக்குத் தெரியும், ஹீட்டர் திருத்தப் போன இடத்தில் கேட்டது என்றார்.